வீட்டுப் பட்டறையில் பென்னி பார்த்திங்: 50 அங்குலச் சக்கரத்தை எப்படிக் கட்டுவது?

ஒற்றைப்பெடல் (கோவை)

வணக்கம் நண்பர்களே. முன்னால் நெஞ்சு உயரச் சக்கரம், பின்னால் குட்டிச் சக்கரம், 1870, 80களில் இங்கிலாந்தில் ஓடிய பென்னி பார்த்திங் சைக்கிள். அதை வீட்டிலேயே கட்டலாம் என்று இருக்கிறேன். வெளிநாட்டில் புதிதாகச் செய்து விற்கிறார்கள், தெரியும். வாங்கி ஓட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை, செய்துபார்க்க வேண்டும்.

கையில் இருப்பது: நாலரை அடி பழைய லேத், ஆர்க் வெல்டிங் செட், பெஞ்ச் டிரில், கை கிரைண்டர். மில்லிங் கிடையாது. குழாய் வளைக்கப் பக்கத்து கேட் பட்டறையில் ரோலிங் மெஷின் இருக்கிறது, கேட்டால் தருவார்கள்.

ஃபிரேம் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஒரே குழாய், ஒரு ஃபோர்க், அவ்வளவுதானே. குழப்பம் எல்லாம் முன் சக்கரத்தில். ரிம் எங்கே கிடைக்கும், இல்லை எப்படிச் செய்வது? ஸ்போக்? ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்)? டயர்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தேன் (சென்னை)

இதை ஒழித்துக்கட்டத்தானே 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். செயின் வந்தது, இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவானது, 1888-இல் டன்லப்பின் காற்று டயரும் வந்தது, கதை முடிந்தது. மறுபடி ஏன் அந்த உயரத்தில் ஏறி விழ ஆசைப்படுகிறீர்கள்?

பழைய ஃபிட்டர் (ராணிப்பேட்டை)

தம்பி ஒற்றைப்பெடல், ரிம் பேச்சு இருக்கட்டும். முதலில் காலை அளந்தீர்களா? மற்ற சைக்கிளில் சீட்டை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம். இதில் சீட் சக்கரத்தின் உச்சிக்குமேல் உட்கார்ந்திருக்கிறது, பெடல் அச்சிலேயே இருக்கிறது. சக்கரத்தின் அளவைத் தீர்மானிப்பது உங்கள் கால்தான்.

செருப்பில்லாமல் சுவரோரமாக நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் மேலே தூக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்கவும். அந்த நீளத்துக்குள் அடங்க வேண்டியவை மூன்று: சக்கரத்தின் ஆரம், டயருக்குமேல் சீட் நிற்கும் உயரம், கிராங்க் (பெடலை அச்சோடு இணைக்கும் கை) நீளம். 50 அங்குலச் சக்கரம் என்றால் ஆரம் 25. டயர் தடிப்போடு சேர்த்து சீட்டுக்கு ஒரு 3, 4 அங்குலம் வைக்கலாம். கிராங்க் ஐந்தரை. மொத்தம் 34 வரும். பெடலை மிதிப்பது பாதத்தின் முன்பகுதி, குதிகால் கொஞ்சம் தூக்கியே இருக்கும் என்பதால் ஒன்றரை, இரண்டு அங்குலம் கழித்துக்கொள்ளலாம். ஆக உங்கள் கால் 32, 33 அங்குலம் இருந்தால்தான் 50. அதற்குக் கீழே என்றால் 48 அல்லது 46. கௌரவம் பார்க்க வேண்டாம். பெடல் கீழே போகும்போது கால் எட்டாமல் இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினால் வண்டியும் கூடவே ஆடும்.

ஒற்றைப்பெடல் (கோவை)

ஐயா, அளந்தேன். 33 இருக்கிறது. 50-ஐ வைத்துக்கொள்ளலாம். கிராங்குக்குக் குழந்தைகள் சைக்கிளின் 5 அங்குலக் கிராங்க் பார்க்கிறேன்.

கணக்குப்புலி (பெங்களூரு)

50 அங்குலத்தை எடுத்துக்கொண்டால் ஒரு மிதிச் சுற்றுக்கு 3.99 மீட்டர் போகும். செயினும் கியரும் இல்லாததால் சக்கரத்தின் சுற்றளவுதான் கியர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 14.4 கி.மீ., 90 சுற்றென்றால் 21.5. அந்தக் காலத்தில் கால் நீளமானவன் வேகமாகப் போனதன் காரணம் இவ்வளவுதான். சக்கரம் ஏன் வளர்ந்துகொண்டே போனது என்பதற்கும் வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

இன்னொரு கணக்கும் போட்டு வைக்கிறேன், பிடிக்காமல் போகலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 1.4 மீட்டர் உயரம், முன் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 20 செ.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்வோம். பின் சக்கரம் தூக்காமல் பிடிக்கக்கூடிய அதிகபட்ச பிரேக் 1.4 மீ/வி². மணிக்கு 15 கி.மீ.-இல் போனால் நிற்க 6 மீட்டருக்குமேல் வேண்டும், 20-இல் போனால் 11 மீட்டர். சாதாரண சைக்கிளில் இதைப்போல் மூன்று, நான்கு மடங்கு இறுக்கிப் பிடிக்கலாம். பிரேக் நன்றாக வேலைசெய்வதுதான் இங்கே ஆபத்து. பழைய வண்டிகளில் டயரின் மேல் அழுத்தும் கரண்டி பிரேக் ஒன்று இருக்கும். அதுவே போதும், டிஸ்க் கிஸ்க் என்று இறங்கிவிடாதீர்கள்.

மெல்பர்ன்வாசி

புலி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். டாஸ்மேனியாவில் ஈவண்டேல் என்று ஒரு சின்ன ஊர், 1983-இலிருந்து பென்னி பார்த்திங் பந்தயம் நடத்துகிறார்கள். போய்ப் பார்த்திருக்கிறேன். ஊர்த் தெருவின் முனைகளில் அவர்கள் திரும்புவதைப் பார்த்தால் வயிறு கலங்கும். வேகத்தை முக்கால்வாசி காலாலேயே குறைக்கிறார்கள். ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தை உருளவிடும் அமைப்பு) இல்லாததால் மிதிப்பை எதிர்த்து அழுத்தினால் சக்கரம் மெதுவாகும், பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும்.

இறக்கத்தில் பழையவர்கள் செய்தது வேறு மாதிரி. பெடல் சுற்றுகிற வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காது என்பதால் இரண்டு காலையும் எடுத்து ஹேண்டில்பாருக்குமேல் முன்னால் தொங்கவிட்டுக்கொள்வார்கள். பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் சக்கரம் கல்லில் முட்டி நின்றால் கால் முன்னால் இருப்பவன் காலில் போய் விழுவான். கால் பாருக்குக் கீழே மாட்டியிருப்பவன் முகத்தில் விழுவான்.

சும்மா_வந்தேன் நண்பருக்கு ஒரு தகவல். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, 50 அங்குல கொலம்பியா பிராண்ட் பென்னி பார்த்திங்கில் முதலில் அமெரிக்காவைக் கடந்தார், பிறகு உலகம் சுற்றினார். 1886-இல் லாகூரிலிருந்து கல்கத்தாவரை கிராண்ட் டிரங்க் சாலையில் மிதித்திருக்கிறார். அந்த டிசம்பரில் யோகோகாமாவில் பயணம் முடிந்தது. ரோட்டைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால் வண்டி ஒன்றும் எமன் இல்லை.

சும்மா_வந்தேன் (சென்னை)

சரிங்க, நான் ஓட்டப்போவதில்லை, வேடிக்கை பார்க்கிறேன். ரிம் விஷயத்துக்கு வாங்க.

வெல்டர்_மச்சி (திருப்பூர்)

ரிம்முக்கு ஒரு யோசனை சொல்கிறேன். நம்ம ஊர் 28 அங்குல ரோட்ஸ்டர் ரிம்மில் டயர் உட்காரும் இடத்து விட்டம் 635 மி.மீ. அப்படி இரண்டு ரிம்மை வெட்டி, விரித்து, ஒன்றாகச் சேர்த்தால் விட்டம் 1270. அது அங்குலத்தில் எவ்வளவு? அட்சரசுத்தமாக 50!

ரோட்ஸ்டரின் முன் சக்கர ரிம்மில் 32 ஓட்டை. இரண்டுக்கும் சேர்த்து 64. பெரிய சக்கரத்துக்கு அளவான எண்ணிக்கை. ஓட்டை போடும் வேலையே மிச்சம். வெளிநாட்டில் வீட்டில் கட்டுபவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

வெட்டும் இடம் முக்கியம். வால்வு ஓட்டைக்கு நேர் எதிரே கம்பெனியில் இணைத்த ஜாயின்ட் இருக்கும். அது இரண்டு ஸ்போக் ஓட்டைகளுக்கு நடுவில்தான் வரும். அங்கேயே வெட்டினால் ஓட்டைகளின் இடைவெளி கெடாது. மெல்லிய கட்டிங் வீல் போடுங்கள், பிளேடு தின்பது ஒன்றரை மில்லிக்குள் இருக்கட்டும்.

பழைய ஃபிட்டர் (ராணிப்பேட்டை)

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது மச்சி. விரிப்பதில் இருக்கிறது வினை. 317 மி.மீ. ஆரத்தில் வளைந்த ரிம்மை 635-க்கு விரிக்கும்போது அது சீராக விரியாது. ஓட்டை இருக்கும் இடம்தான் பலவீனம், அங்கங்கே முதலில் மடியும். பார்த்தால் வட்டம் மாதிரி இருக்கும், கையை வைத்துத் தடவினால் 64 பக்கம் உள்ள பலகோணம்.

கையால் பிடித்து விரிக்கவே கூடாது. ரோலிங் மெஷினில் ரிம்மின் வடிவத்துக்கு மூன்று உருளை கடைந்து போட வேண்டும். நடு உருளை ரிம்மின் குழிக்குள் உட்காரணும், வெளி உருளைகள் ஓரங்களைத் தாங்கணும். ஒரே தடவையில் விரிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை மாற்றி ஓட்ட வேண்டும். தம்பியிடம் லேத் இருக்கிறது, உருளை கடைவது ஒரு வேலையா? மெஷின் உருளையின் நடு ஓட்டையை மட்டும் கேட் பட்டறையில் போய் அளந்து வரட்டும்.

இன்னொரு வழி புதுப் பட்டையை உருட்டுவது. அதில் ஆரம்பமும் முடிவும் உருளைக்குள் சிக்காமல் நேராகவே நின்றுவிடும். அந்த நேர்ப் பகுதியை வெட்டி எறிய வேண்டும் என்பதால் பட்டையை நீளமாகவே வாங்க வேண்டும். ஓட்டைகளையும் நாமே போட வேண்டும், அதுவும் ஒன்று இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் சாய்வாக. என் தேர்வு மச்சி சொன்னதுதான், உருளை கடைவதாக இருந்தால்.

கவென்ட்ரி_தமிழன்

நான் இருப்பது இந்த வண்டி பிறந்த ஊரில். இங்கே போக்குவரத்து அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஸ்டார்லி தையல் மெஷின் தொழிலிலிருந்து வந்தவர். அவரும் வில்லியம் ஹில்மேனும் 1870-இல் ஏரியல் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பாரிஸில் யூஜின் மேயர் அதற்கு ஒரு வருடம் முன்பே இழுவிசைக் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். இங்கிலீஷ்காரர்கள் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை!

ஏரியலில் எனக்குப் பிடித்தது அதன் நெம்புகோல். ஹப்பிலிருந்து ரிம்மைப் பார்த்து ஒரு தண்டு போகும். அதன் முனையை இறுக்கினால் ஹப் ரிம்முக்குள் லேசாகத் திரும்பும். எல்லா ஸ்போக்கும் ஒரே நேரத்தில் முறுக்கேறும். 1874-இல் அவரே அதை விட்டுவிட்டு, ஸ்போக்குகளை ஹப்பின் ஓரத்தைத் தொட்டபடி சாய்வாக, குறுக்கும் நெடுக்குமாகப் போடும் முறைக்கு வந்தார். இன்றைக்கும் சைக்கிள்களில் அதுதான்.

ஒற்றைப்பெடல் (கோவை)

சந்தேகம். நேராகப் போடுவதா, சாய்வாகப் போடுவதா? நேராகப் போட்டால் ஹப் ஓரத்தில் திருகு வெட்டி ஸ்போக்கை அப்படியே திருகிவிடலாம், கம்பி முனையைத் தட்டித் தலை அடிக்க வேண்டியதில்லை. பழைய வண்டிகள் நிறைய அப்படித்தானே ஓடின?

கணக்குப்புலி (பெங்களூரு)

ஓடின. தடித்த ஸ்போக், நிறைய ஸ்போக் என்று போட்டு ஓட்டினார்கள். விஷயம் இதுதான்: இந்த வண்டியில் மிதிக்கும் விசை முழுக்க ஹப்பிலிருந்து ரிம்முக்கு ஸ்போக் வழியாகத்தான் போக வேண்டும். 60 கிலோ ஆள் 5 அங்குலக் கிராங்கில் ஏறி நின்றால் சுமார் 75 நியூட்டன் மீட்டர். நேரான ஸ்போக் அந்தத் திருகலை எதிர்க்க வேண்டுமானால் ஹப் கொஞ்சம் திரும்பி, ஸ்போக் சாய்ந்தால்தான் முடியும். ஒவ்வொரு மிதிக்கும் ஸ்போக்கின் அடிப்பகுதி, அதாவது திருகு வெட்டிய இடம், இப்படியும் அப்படியும் வளையும். உடைவது அங்கேதான். சாய்வாகப் போட்டால் வளைவு வேலையே இல்லை, பாதி இறுகும், பாதி தளரும்.

பழைய ஃபிட்டர் (ராணிப்பேட்டை)

திருகைப் பற்றி ஒரு வார்த்தை. டை போட்டு வெட்டிய திருகு கம்பியின் சதையைத் தின்றுவிடும். 2.6 மில்லி கம்பி திருகின் அடியில் 2 மில்லி சொச்சம்தான் நிற்கும். ஸ்போக் கம்பெனியில் வெட்டுவதில்லை, உருட்டி அழுத்துகிறார்கள். உலோகம் ஒதுங்கி மேலே எழும்புமே தவிர குறையாது. கோவையில் உருட்டித் திருகு போடும் இடம் தேடினால் கிடைக்கும். கம்பியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வெல்டர்_மச்சி (திருப்பூர்)

தலை அடிக்காமலே சாய்வு ஸ்போக் போட வழி இருக்கு அண்ணா. ஒரே கம்பியை இரண்டு ஸ்போக் நீளத்துக்கு வெட்டி, நடுவில் வளைத்து, ஹப் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள் இரண்டில் கோத்துவிடுங்கள். ஒரு கால் முன்னால் போகும், ஒரு கால் பின்னால் போகும். இரண்டு முனையிலும் நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் குட்டி நட்). 64 ஸ்போக்குக்கு 32 கம்பி. ஹப் ஓரம் 100 மி.மீ. விட்டம் என்றால் ஒரு ஸ்போக் 600 மி.மீ.க்குமேல் வரும். கடையில் கிடைக்கிற சைக்கிள் ஸ்போக் 300 சொச்சம்தான், எப்படியும் கம்பியிலிருந்து செய்துதான் ஆகணும். சேதாரம் சேர்த்து 45 மீட்டர் வாங்குங்கள். 12 கேஜ், அதாவது 2.6 மில்லி, விறைப்பான ஸ்டீல் கம்பி. மெதுவான கட்டுக்கம்பி வேண்டாம், இழுக்க இழுக்க நீளும்.

வளைவு ஓட்டையில் உட்காரும் இடத்தில் விளிம்பைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். கூர் விளிம்பு இருந்தால் கம்பியை அறுத்துவிடும். தடித்த ஸ்போக்குக்கான நிப்பிள் சரக்கு டிரைசைக்கிள் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ரிம் ஓட்டையையும் அதற்குத் தகுந்தமாதிரிப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

ஒற்றைப்பெடல் (கோவை)

அருமை. சாய்வுதான். ஹப்புக்கு 20 மி.மீ. இ.என்.8 ஸ்டீல் தண்டு, இரண்டு பக்கமும் ஸ்போக் கோக்கும் தட்டு கடைந்து, தண்டில் தனியாகச் சுழலாதபடி சாவி (ஆப்புக் கட்டை) போட்டு இறுக்கலாம் என்று இருக்கிறேன். இதில் தண்டு, ஹப், கிராங்க் மூன்றும் ஒன்றாகச் சுற்றும், பேரிங் ஃபோர்க்கின் காலில்தான் வரும். அதற்கு 6004 (20 மி.மீ. தண்டுக்கான பால் பேரிங்) போடலாமா?

பழைய ஃபிட்டர் (ராணிப்பேட்டை)

போடலாம். ஆனால் ஆர்க் வெல்டிங்கில் ஃபோர்க் கால் இழுத்துக்கொண்டால் இரண்டு பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, தண்டு இறுகும். P204 பிளம்மர் பிளாக் (பேரிங்கோடு வரும் கூடு) போடுங்கள். மாவு மில்லில் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் பேரிங்கின் வெளிப்புறம் உருண்டையாக இருப்பதால் கொஞ்சம் கோணல் இருந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு கிலோவுக்குமேல் எடை கூடும், பரவாயில்லை. வண்டி ஓடின பிறகு அழகாக வேறு கடைந்து மாற்றிக்கொள்ளலாம்.

தட்டுகளுக்கு நடுவே அகலம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? சக்கரம் இரண்டு மடங்கு பெரிதாகும்போது ஹப் அகலம் அப்படியே இருந்தால் பக்கவாட்டில் வலு பாதியாகிவிடும். 100 மில்லிக்குக் குறையாமல் வையுங்கள். 130 இன்னும் நல்லது, ஆனால் கால் அகலும்.

ஒற்றைப்பெடல் (கோவை)

110 வைக்கிறேன் ஐயா. டயர் யாருமே சொல்லவில்லையே?

மெல்பர்ன்வாசி

குதிரை வண்டிக்குப் போடுகிற மாதிரிதான். நடுவில் ஓட்டை உள்ள கெட்டி ரப்பர், 25 மி.மீ. அளவு. ஓட்டைக்குள் கம்பி ஓடும், கம்பிதான் ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும். ரப்பரைச் சுற்றளவைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டுங்கள். ரிம்மைச் சுற்றி வைத்து, இரண்டு முனையையும் பின்னால் தள்ளிக் கிளாம்ப் போட்டுப் பிடித்தால் நடுவே கம்பி மட்டும் வெளியே தெரியும். கம்பியை இழுத்து முறுக்கேற்றி, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பித்தளை ஒட்டு போட வேண்டும். ரப்பர் கருகாமல் இரண்டு பக்கமும் ஈரத்துணி சுற்றி வையுங்கள். சூடு ஆறியதும் கிளாம்பைக் கழற்றினால் நீளமாக வெட்டிய ரப்பர் தானே நகர்ந்து வந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். கடைசி விரல்கடை இடைவெளியை மரச்சுத்தியலால் தட்டி மூடணும். நம்ம ரோட்ஸ்டர் ரிம்மின் நடுவில் குழி இருப்பதால் ரப்பர் அதற்குள் அமர்ந்துகொள்ளும்.

தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. கண்காட்சிக்கு நிறுத்த அது போதும், ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வெல்டர்_மச்சி (திருப்பூர்)

ஒற்றைப்பெடல் அண்ணா, முதுகுக் குழாயை (முன் சக்கரத்தை ஒட்டி வளைந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய்) இப்போதே வளைத்துவிடாதீர்கள். சக்கரம் முடிந்து, டயரும் ஏறின பிறகு அதைத் தரையில் படுக்கவைத்து, சாக்பீஸால் சுற்றி வரைந்து, அந்தக் கோட்டுக்கு வெளியே ஒன்றரை அங்குலம் விட்டு இன்னொரு வளைவு வரையுங்கள். குழாய் அந்த வளைவில்தான் போகணும். 38 மி.மீ., 2 மி.மீ. கனம். ஹைட்ராலிக் பெண்டரில் கொடுத்தால் ஒரே இடத்தில் மடித்துவிடுவான், இவ்வளவு பெரிய வளைவு ரோலிங்கில்தான் வரும். ஹெட்டுக்கு (ஃபோர்க் திரும்பும் இடம்) பழைய சைக்கிளின் ஹெட் குழாயைக் கட்டையாக வெட்டி, அதே கிண்ணம், குண்டுகளோடு போட்டுக்கொள்ளலாம். ஏறும் படி இடப்பக்கம், பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதை மட்டும் சும்மா ஒட்டாமல் குழாயில் துளை போட்டு ஊடுருவி வெல்ட் பண்ணுங்கள். ஏறும்போது முழு எடையும் அந்த ஒரு கட்டையில்தான் நிற்கும்.

ஒற்றைப்பெடல் (கோவை)

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று, ரிம் ஜாயின்ட். உள்ளே துண்டு வைத்து வெல்ட் பண்ணவா, நேராகவே ஒட்டவா? நான் பார்த்த ரிம் எல்லாம் பளபளவென்று குரோம் முலாம் போட்டவை.

பழைய ஃபிட்டர் (ராணிப்பேட்டை)

உள்ளே துண்டு வையுங்கள். ரிம்மின் குழி வடிவத்துக்கே மடித்த தகடு, இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் போகட்டும், ஆனால் ஸ்போக் ஓட்டையை மறைக்கக் கூடாது. இரண்டு ஜாயின்டையும் முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் பிடியுங்கள். வட்டத்தைக் குறுக்கே நாலு இடத்தில் அளங்கள். 2 மில்லிக்குள் ஒத்துவந்தால் இந்த ஜாயின்டில் கொஞ்சம், எதிர் ஜாயின்டில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடியுங்கள். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் இழுத்துக்கொள்ளும்.

குரோம் முலாமோடு வெல்ட் பண்ணாதீர்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம், ஒட்டும் பிடிக்காது. இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத்துக்கு முலாமைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெளிக்காற்றில் வைத்துச் செய்யுங்கள். தேய்க்கும்போதும் தூசி முகமூடி. பழைய சாமான் கடையில் முலாம் போய்த் துரு ஏறின முன் சக்கர ரிம் இரண்டு கிடைத்தால் அதுவே போதும், கோணல் மட்டும் இருக்கக் கூடாது. 32 ஓட்டைதானா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பின் சக்கர ரிம்மில் 40 இருக்கும், கடைக்காரர் கலந்து கொடுத்துவிடுவார்.